சின்னப் பிள்ளைக்கு வீட்டிலேயே தமிழ் வாசிக்கச் சொல்லித்தருவது: முழுமையான வழிகாட்டி

என் மகள் நான்கு வயதில் 'அ' முதல் 'ஃ' வரை, 'க' முதல் 'ன' வரை மூச்சுவிடாமல் ஒப்பிப்பாள். ஒருநாள் பால் பாக்கெட்டில் இருந்த 'பா'வில் காலை விரலால் மறைத்து, "இது என்ன எழுத்து?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சுவரில் மாட்டியிருந்த அட்டவணைக்கு ஓடினாள். "க, ங, ச, ஞ..." என்று விரல் வைத்து எண்ணிக்கொண்டே வந்து, 'ப'வில் நின்று, "ப!" என்றாள். எழுத்துகளை அவள் பாட்டாகத்தான் தெரிந்துவைத்திருந்தாள் என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது.

அட்டவணையைக் கழற்றி வைத்துவிட்டு, வரிசையை மாற்றி முதலிலிருந்து தொடங்கினோம். பத்து மாதத்தில் படக்கதை வாசித்தாள். அதன்பின் எங்கள் தெருவில் நான்கு பிள்ளைகளுக்கு இதே வழியில் சொல்லித்தந்தேன். தடுக்கி விழுந்த இடங்கள் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அவற்றையும் சேர்த்தே இங்கே எழுதுகிறேன்.

1. பிள்ளை தயாரா என்று பாருங்கள்

வயதைவிட அறிகுறிகளைப் பாருங்கள். கடைப் பலகையைக் காட்டி "அங்கே என்ன எழுதியிருக்கு?" என்று கேட்கிறதா? தெரிந்த கதைப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வாசிப்பதுபோல் நடிக்கிறதா? தன் பெயர் எங்கே இருக்கிறது என்று தேடுகிறதா? இதில் இரண்டு இருந்தால் போதும், தொடங்கலாம்.

ஒன்றுமே இல்லையென்றால் தினமும் கதை வாசித்துக் காட்டுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மூன்று மாதம் கழித்துப் பார்க்கலாம். ஆர்வம் இல்லாத பிள்ளையை உட்காரவைத்தால் முதலில் கற்றுக்கொள்வது நழுவி ஓடத்தான்.

பள்ளியில் ஏ, பி, சி போய்க்கொண்டிருக்கிறதே, குழம்பிவிடாதா என்று பலர் கேட்கிறார்கள். நான் பார்த்த பிள்ளைகள் குழம்பவில்லை. இரண்டையும் ஒரே பத்து நிமிடத்தில் நடத்தாதீர்கள், அவ்வளவுதான்.

2. முன்கூட்டி எடுத்துவைக்க வேண்டியவை

பழைய கல்யாணப் பத்திரிகைகள், கறுப்பு மார்க்கர் ஒன்று, சிவப்பு ஒன்று. பத்திரிகையின் எழுதாத பக்கத்தை உள்ளங்கை அளவுக்கு வெட்டினால் நல்ல கெட்டி அட்டை கிடைக்கும். ஒரு அட்டைக்கு ஒரு எழுத்து. ஒரே எழுத்துக்கு இரண்டு அட்டை வேண்டும். ஏன் என்று 4-ஆம் படியில் தெரியும்.

துணைக்கால், கொம்பு போன்ற குறிகளைத் தனியாகச் சின்னத் துண்டுகளில் சிவப்பில் எழுதுங்கள். எழுத்தோடு சேர்த்துவைத்து மாற்றி மாற்றிப் பார்க்க முடிய வேண்டும். அச்சடித்து விற்கும் அட்டைகளில் 'கா' என்று சேர்த்தே இருக்கும். பிள்ளைக்கு அது இன்னொரு புது எழுத்தாகிவிடும்.

247 எழுத்து என்று மலைக்காதீர்கள். உண்மையில் பிள்ளை கற்க வேண்டியது 'க' முதல் 'ன' வரை 18, உயிர் 12, ஒரு புள்ளி, சில குறிகள். உகர, ஊகார வரிசைகள் மட்டும் சொன்ன பேச்சு கேட்காதவை. அவற்றை அப்புறம் பார்ப்போம். 'ங' வரிசையில் 'ங்' தவிர மற்றதை வாசிப்பில் அநேகமாகப் பார்க்கவே போவதில்லை. அட்டவணையில் அவை ஒரு முழு வரிசையை அடைத்துக்கொண்டிருக்கின்றன.

நேரம் நாளுக்குப் பத்து நிமிடம். பிள்ளை "இன்னும்" என்று கேட்கும்போதே எடுத்துவைத்துவிடுங்கள். மறுநாள் தானாக வரும்.

3. முதலில் காதைப் பழக்குங்கள்

எழுத்தைக் காட்டும் முன் இரண்டு வாரம் வெறும் வாய் விளையாட்டு. "மாவில் தொடங்கும் பெயர் சொல்லு." மாடு, மாமா, மாங்காய். "பாவில்?" பாட்டி, பால், பாம்பு. குளிப்பாட்டும்போதும் பேருந்துக்குக் காத்திருக்கும்போதும் ஆடலாம்.

அடுத்தது கைதட்டல். மா-டு, இரண்டு தட்டு. த-வ-ளை, மூன்று தட்டு. சொல்லைத் துண்டாக்க முடிகிற பிள்ளைக்குத்தான் துண்டுகளை ஒட்டவும் வரும். எழுத்தைப் பார்த்து வாசிப்பது அந்த ஒட்டும் வேலைதான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. குரங்கு என்றால் பிள்ளை கு-ரங்-கு என்று மூன்று தட்டுதான் தட்டும். "நாலு எழுத்து இருக்கே" என்று திருத்தாதீர்கள். பிள்ளையின் காது சரியாகத்தான் கேட்கிறது.

4. ப, ட, ம: புள்ளி இல்லாமல் தொடங்குங்கள்

'அ'வில் தொடங்க வேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை. 'அ' சுழித்து வளைந்து போகும் எழுத்து. ப, ட, ம மூன்றும் எளிய கோடுகள். கண்ணில் சட்டென்று நிற்கும். அதோடு 'அ'வை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு சொல்லும் வாசிக்க முடியாது. இந்த மூன்றை வைத்து முதல் நாளே வாசிக்கலாம்.

எதை? படபட. மடமட.

இரட்டைக்கிளவிகள் இதற்கென்றே செய்துவைத்ததுபோல் இருக்கின்றன. புள்ளி கிடையாது, கொம்பு கிடையாது, இரண்டு எழுத்தைத் திருப்பிச் சொன்னால் போதும். இரண்டு செட் அட்டை கேட்டது இதற்குத்தான். ப-ட-ப-ட என்று அடுக்கி, விரலை ஓட்டிக்கொண்டே மெதுவாக, பிறகு வேகமாகச் சொல்லச் சொல்லுங்கள். சட்டென்று "படபட!" என்று கேட்கும். புறா சிறகடிப்பதுபோல் கையை ஆட்டிக் காட்டுங்கள். மடமட என்றால் தண்ணீர் குடிக்கலாம்.

அடுத்த வாரம் க, ல, ர. கடகட, கலகல, பரபர, கரகர. அதன்பின் த, ச வந்தால் தடதட, தகதக, சரசர, சலசல. என் மகள் 'தடதட'வை வாசித்துவிட்டு வீடு முழுக்க ரயில் ஓட்டினாள். கீழ் வீட்டுக்காரரிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது.

எழுத்தின் பெயரைச் சொல்லித்தராதீர்கள். ஒலியை மட்டும் சொல்லுங்கள். தாத்தா, பாட்டிகள் ஆசையாக "ஆனா, ஆவன்னா, பானா, மானா" என்று சொல்லித்தருவார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் "பானா டானா" என்று படிக்கிற பிள்ளைக்கு அதிலிருந்து 'பட' வராது. பெரியவர்களிடம் முதல் நாளே பக்குவமாகச் சொல்லிவைத்துவிடுங்கள்.

5. புள்ளி: அதிகம் பேர் தடுக்கும் இடம்

ஏழெட்டு எழுத்து வந்ததும் புள்ளியைக் காட்டுங்கள். பல வீடுகளில் இதைக் கடைசியில் வைக்கிறார்கள். புள்ளி இல்லாமல் தமிழில் 'அம்மா'கூட வாசிக்க முடியாது.

'க்' என்பதை "இக்" என்றும் 'ம்' என்பதை "இம்" என்றும் சொல்லித்தருவது நம் வழக்கம். பிள்ளை அதை நம்பி 'படம்' என்பதை "ப... ட... இம்... படயிம்!" என்று வாசிக்கும். நான்கு பிள்ளைகளில் மூன்று பேர் இதையே சொன்னார்கள். தப்பு அவர்களுடையது அல்ல, நாம் கொடுத்த பெயருடையது.

அதற்குப் பதில் இப்படிச் செய்யுங்கள். 'ம' அட்டையை வைத்து "ம" என்று சொல்லுங்கள். அதன் தலையில் ஒரு மிளகை வையுங்கள். "புள்ளி வந்தால் வாயை மூடு" என்று சொல்லி, "ம்ம்ம்" என்று காட்டுங்கள். மிளகை எடுத்தால் "ம", வைத்தால் "ம்". பத்து தடவை எடுத்து வைத்து விளையாடினால் போதும்.

புள்ளி எழுத்தைத் தனியாக வாசிக்க விடாதீர்கள். அது முன்னால் இருக்கும் எழுத்தின் தோளில் சாய்ந்துதான் நிற்கும். கல் என்பதை 'க', 'ல்' என்று இரண்டாகப் பிரிக்காமல், 'க'வில் வைத்த விரலை எடுக்காமல் இழுத்து "கல்" என்று முடிக்கச் சொல்லுங்கள். கைதட்டும்போது கு-ரங்-கு என்று பிள்ளை பிரித்தது இங்கே கைகொடுக்கும்.

முதல் வாரச் சொற்கள்: படம், மரம், கல், பல், கடல், பகல். அடுத்து இரட்டிப்பது: பட்டம், கட்டம், சக்கரம். 'படம்' என்பதில் 'ட' மெல்லியதாகவும் 'பட்டம்' என்பதில் வல்லியதாகவும் ஒலிப்பதைப் பிள்ளை கவனிக்கும், அல்லது கவனிக்காமலே சரியாகச் சொல்லிவிடும். விதி சொல்ல வேண்டாம்.

6. மீதி எழுத்துகள்: எவற்றைச் சேர்த்துக் காட்டக்கூடாது

வ, ந, ய, ண, ள, ழ, ன, ற, ஞ, ங. வாரத்துக்கு இரண்டு, அதற்கு மேல் வேண்டாம். ஒரே மாதிரித் தெரிகிறவற்றுக்கு நடுவே குறைந்தது இரண்டு வாரம் இடைவெளி விடுங்கள்: 'ல'வும் 'வ'வும், 'ன'வும் 'ண'வும், 'க'வும் 'த'வும் 'ச'வும். 4-ஆம் படியில் 'த'வையும் 'ச'வையும் தள்ளி வைத்தது இதனால்தான். அவை இரண்டுக்கும் நடுவேயும் இதே இடைவெளி விடுங்கள்.

ட, ண, ள, ழ, ற, ன ஆகியவை தமிழ்ச் சொல்லின் தொடக்கத்தில் வருவதில்லை. ஆகவே "ண-வில் தொடங்கும் சொல் சொல்லு" என்று கேட்டுப் பிள்ளையைத் திணறடிக்க வேண்டாம். சொல்லின் நடுவிலும் முடிவிலும் காட்டுங்கள்: கண், மண், பணம், பழம், பள்ளம், வனம். 'ங்', 'ஞ்' இரண்டுக்கும் தங்கம், மஞ்சள் போதும். மஞ்சள் தூள் டப்பாவின் மேல் எழுதி ஒட்டிவிடுங்கள்.

7. கால் போடுவது, உயிரும் அதன் குறியும் ஒன்றாக

இப்போதுதான் 'அ', 'ஆ' வருகின்றன. உயிரெழுத்து ஒன்றையும் அதன் குறியையும் ஒரே நாளில் சேர்த்துக் காட்டுங்கள். சொல்லின் தொடக்கத்தில் 'ஆ', மற்ற இடத்தில் கால். இரண்டும் ஒரே ஒலி, இரண்டு சட்டை. 12 உயிரையும் முதலிலேயே மனப்பாடம் செய்த பிள்ளைகளுக்கு 'ஆ'வுக்கும் காலுக்கும் உள்ள உறவு தெரிவதே இல்லை.

சிவப்புக் கால் துண்டை 'ப'வின் அருகே வைத்து "பா", எடுத்து "ப". அப்புறம் எல்லா எழுத்தோடும் வைத்துப் பாருங்கள். பால், கால், வால், காகம், மாமா, அப்பா, தாத்தா. அன்றைக்கே முதல் வாக்கியமும் வாசிக்கலாம்: "அம்மா, பால் தா." இதை வாசித்ததும் உண்மையிலேயே பாலைக் கொடுங்கள். எழுதியது நடக்கும் என்று தெரிந்த பிள்ளையை அப்புறம் பிடிக்க முடியாது.

அடுத்து 'இ'யும் கொக்கியும், 'ஈ'யும் சுழியும். நரி, கிளி, பாட்டி, தம்பி, தீ, மீன். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. பல அச்சு எழுத்துகளில் ர், ரி, ரீ மூன்றிலும் 'ர'வின் கீழ்ச்சாய்வு இருக்காது. பார்க்கக் காலின் மேல் புள்ளி வைத்ததுபோல் இருக்கும். பிள்ளை விழித்தால் தவறே இல்லை. "காலுக்கு மேல் புள்ளியோ கொக்கியோ இருந்தால் அது 'ர'" என்று சொல்லிவிடுங்கள்.

8. உகரத்தில் ஆறு மட்டும் முதலில்

உகர வரிசையில் ஒவ்வொரு எழுத்தும் ஒரு பக்கம் திரும்பும். கு, சு, து, லு என்று எழுதிப் பாருங்கள், எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே குறி இல்லை. அதற்காகக் கடைசிவரை தள்ளிவைக்கவும் முடியாது. பிள்ளைக்குத் தெரிந்த சொற்களில் எத்தனையோ உகரத்தில்தான் முடிகின்றன.

வழி குற்றியலுகரத்தில், அதாவது சொல்லின் முடிவில் குறுகி ஒலிக்கும் உகரத்தில் இருக்கிறது. கு, சு, டு, து, பு, று. இந்த ஆறையும் தனி எழுத்துகளாகவே அட்டை எழுதிக் கற்றுக்கொடுங்கள். நாக்கு, காசு, ஆடு, மாடு, வீடு, காது, வாத்து, பாம்பு, சீப்பு, ஆறு எல்லாம் ஒரே மாதத்தில் வந்துவிடும். வாசிப்பு வேகம் எடுப்பது இந்த இடத்தில்தான் என்று நான் பார்த்திருக்கிறேன்.

மற்ற உகரங்களும் ஊகாரங்களும் சொல்லோடு சொல்லாக வரட்டும்: முயல், பூ, நூல், கூடு, மூக்கு. வரிசையாக ஒப்பிக்க வைக்க வேண்டாம்.

9. கொம்புகள்: கண் ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம்

'ஐ' முதலில். யானை, பூனை, ஆமை, மழை, முட்டை என்று எங்கும் இருப்பதால் பயிற்சி நிறையக் கிடைக்கும். அப்புறம் 'எ', 'ஏ': பெட்டி, செடி, தேன். கடைசியில் 'ஒ', 'ஓ': கொசு, பொம்மை, தோசை, கோழி.

இதுவரை இடமிருந்து வலமாகப் பார்த்ததைப் பார்த்த வரிசையில் சொன்ன பிள்ளைக்கு, கொம்பு முதல் தடவையாக ஒலிக்காமல் முன்னால் நிற்கிறது. 'தேன்' என்பதை "ஏ-த-ன்" என்று வாசிப்பது இதனால்தான். கொம்பைத் தொட்டதும் வாயை மூடிக்கொண்டு காத்திருக்கப் பழக்குங்கள். நான் "கொம்பு கதவைத் தட்டுது, யார் வர்றாங்கன்னு பாரு" என்பேன். அடுத்த எழுத்தையும் சேர்த்து இரண்டு விரலால் தொட்டபின் ஒரே ஒலியாகச் சொல்ல வேண்டும். 'கொ', 'கோ' என்றால் மூன்று விரல். இரண்டு பக்கமும் காவல் நிற்கிறது.

'ஔ'வையும் 'ஃ'-ஐயும் விட்டுவிடுங்கள். 'வௌவால்' வரும்போது பார்த்துக்கொள்ளலாம். 'ஜ', 'ஸ' இரண்டும் ஜன்னல், ரோஜா, பஸ், ஐஸ் மூலம் கடைத்தெருவிலேயே வந்துவிடும்.

10. பேச்சும் எழுத்தும் மோதும்போது

அட்டவணைகளில் 'இ' என்றால் இலை, 'உ' என்றால் உரல். வீட்டில் பிள்ளை சொல்வதோ "எலை". உரலைப் பார்த்தே இருக்காது. பார்த்திருந்தாலும் அது "ஒரல்". 'ஐ'க்கு ஐந்து என்று படம் போட்டிருக்கும். பிள்ளை "அஞ்சு" என்னும். காதில் கேட்கும் ஒலியும் கண்ணில் படும் எழுத்தும் சேராவிட்டால் பிள்ளை எதை நம்பும்? தொடக்கத்தில் இரண்டும் ஒத்துப்போகிற சொற்களையே எடுங்கள்: இட்லி, ஈ, உப்பு, ஊசி, எலி, ஏணி, ஐஸ், ஒட்டகம்.

பின்னால் 'இலை' வரும்போது, "பேசும்போது எலைன்னு சொல்வோம், புத்தகத்தில் இலைன்னு எழுதுவோம்" என்று ஒரு தடவை சொன்னால் போதும். 'பால்' என்பதைப் பிள்ளை "பாலு" என்று வாசித்தாலும் திட்டாதீர்கள். சொல்லைப் புரிந்துகொண்டுதான் வாசித்திருக்கிறது. நீங்கள் ஒருமுறை 'பால்' என்று சொல்லிக் காட்டிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போங்கள்.

க, ச, த, ப இடத்துக்கு இடம் ஒலி மாறுவதும் இப்படித்தான். 'காகம்' என்பதை "காக்கம்" என்று வாசித்தால், "கறுப்பா இருக்குமே, என்ன பறவை?" என்று கேளுங்கள். தானே திருத்திக்கொள்ளும். தெரியாத சொல்லில் இந்த வழி செல்லாது. ஆகவே முதல் ஆறு மாதம் பிள்ளைக்குத் தெரிந்த சொல்லாகவே கொடுங்கள்.

11. உட்கார்ந்து வாசிக்கும்போது

திணறினால் மனசுக்குள் ஐந்து எண்ணும்வரை பேசாமல் இருங்கள். பெரியவர்களுக்கு இதுதான் இருப்பதிலேயே கஷ்டம். அப்புறமும் வரவில்லையென்றால் முதல் எழுத்தை மட்டும் சொல்லுங்கள்.

படத்தைப் பார்த்து ஊகிக்கிறதா என்று சந்தேகமா? அதே சொல்லை வெற்று அட்டையில் எழுதி மறுநாள் காட்டுங்கள். தெரியவில்லையென்றால் கோபிக்காமல் பின்னால் ஒரு படி போங்கள்.

எழுத வைப்பது தனி வேலை. நான்கு வயது விரல்களுக்கு 'ண' போடுவது பெரும்பாடு. ஒரு எழுத்தை எழுதப் பழகிய பிறகே அடுத்த எழுத்து என்று வைத்தால், வாசிப்பு கையின் வேகத்தில்தான் நகரும். அரிசி பரப்பிய தட்டில் விரலால் வரையலாம், புளியங்கொட்டையை எழுத்து வடிவில் அடுக்கலாம். பென்சில் பின்னால் வரட்டும். எழுதத் தொடங்கும்போது எழுத்துகள் கண்ணாடியில் பார்த்ததுபோல் திரும்பி விழுவதும் இந்த வயதில் சாதாரணம்.

விருந்தாளி முன்னால் "வாசிச்சுக் காட்டு" என்று சொல்லவே சொல்லாதீர்கள். நன்றாக வாசித்துக்கொண்டிருந்த ஒரு பையன், மாமா முன்னால் ஒரு சொல்லில் தடுமாறி எல்லோரும் சிரித்ததில், மூன்று வாரம் அட்டையைத் தொடவில்லை.

12. முதல் புத்தகம்

கு, சு, டு, து, பு, று வந்தபின் நீங்களே ஒன்று செய்யுங்கள். நான்கு தாள், பக்கத்துக்கு ஒரு வரி, பிள்ளை வரையும் படம். "இது ஆடு. ஆடு வா. இது வீடு. ஆடு, வீடு வா." பிள்ளைக்குத் தெரிந்த எழுத்து மட்டுமே அதில் இருக்க வேண்டும். கடையில் வாங்கும் புத்தகம் எவ்வளவு எளிதாக இருந்தாலும் முதல் வரியிலேயே ஒரு கொம்பு வந்து நிற்கும்.

கொம்புகள் முடிந்ததும் வெளியே போகலாம். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாக இருக்கின்றன. நிலை 1-இல் தொடங்குங்கள். தூலிகா பதிப்பகத்தின் படப் புத்தகங்கள் நன்றாக இருக்கும். சென்னையில் இருப்பவர்களுக்கு அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சிறுவர் பிரிவு இருக்கிறது. ஒரு பக்கம் நீங்கள், ஒரு பக்கம் பிள்ளை என்று மாறி மாறி வாசியுங்கள். "சென்றான்", "வீட்டிற்கு" போன்ற புத்தகத் தமிழ் காதில் விழுந்திருந்தால்தான் வாசிக்கும்போது அந்நியமாகத் தெரியாது. இரவில் நீங்கள் வாசித்துக் காட்டுவதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

பரணில் இருந்து எடுத்த தாத்தாவின் பழைய புத்தகத்தைக் கொடுப்பதாக இருந்தால் முதலில் நீங்கள் புரட்டிப் பாருங்கள். 1978-இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன் அச்சானவற்றில் ணை, லை, ளை, னை நான்கும் தும்பிக்கை தூக்கி நிற்கும். ணா, றா, னாவும் காலில்லாமல் சுருண்டிருக்கும். என் மகள் அந்த 'லை'யைப் பார்த்துவிட்டு, "இந்த யானை எழுத்து எங்க அட்டையில் இல்லையே?" என்றாள். பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, புத்தகத்தின் உள்ளட்டையில் ஒட்டிக் கொடுத்தேன்.